மீன் ருசி கண்ட நாய்க்குட்டிக்குச் சோறு பழக்குவது

தொண்டிக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து நீங்கள் எழுதியிருந்ததை இருமுறை வாசித்தேன். லேப்ரடார் கலப்புக் குட்டி, பிறந்து 72 நாள், வீட்டுக்கு வந்து 14 நாள், எடை 5 கிலோ. காலையில் ஒரு டம்ளர் பாலில் பிஸ்கட்டை ஊறவைத்துக் கொடுத்தால் தட்டை நக்கித் துடைத்துவிடுகிறது. மதியம் நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வறுத்த மீனை ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று வாங்கித் தின்கிறது. கோழிக்கறி பிசைந்த சோறு, தயிர்ச்சோறு, ராகிக் கூழ், முட்டை, கடையில் வாங்கிய உலர்தீனி ஆகிய ஐந்தையும் வைத்துப் பார்த்தும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அப்பத்தா மடியில் வைத்து ஊட்டினால் மட்டும் நாலு வாய் இறங்குகிறது. குட்டி இளைத்துப் போய்விடுமோ, பசிக்கு ஏதாவது டானிக் வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

டானிக் வேண்டாம். உடம்பு சரியில்லாமல் தீனி எடுக்காத குட்டி, மீனைக் கண்டாலும் தலையைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். உங்கள் குட்டி எச்சில் ஒழுகத் தட்டருகே காத்திருக்கிறது. அதற்குப் பசி எடுக்கத்தான் செய்கிறது. அந்தப் பசி எதனால் அடங்குகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளரும் குட்டிக்கு, அதே எடையுள்ள வளர்ந்த நாய்க்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்து தேவை. 5 கிலோ எடையும் இந்த வயதும் உள்ள குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 700 கலோரி வேண்டும். ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் 20 முதல் 25 கலோரி இருக்கும். காலையில் அரைப் பாக்கெட் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் அது 12 பிஸ்கட்டாவது இருக்கும். அதுவே 250 கலோரிக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு டம்ளர் பாலில் 120 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரித்த மீன் இரண்டு துண்டு உள்ளே போனால் இன்னும் 200 சேரும். ஆக, நீங்கள் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கெஞ்சிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் குட்டி பட்டினியாகவே இல்லை. அன்றைய தேவையில் பெரும்பகுதியை அது முன்னதாகவே தின்று முடித்திருக்கிறது.

வயிறு நிறைந்துவிட்டாலும் உடம்பு வளர்வதற்கு வேண்டியது அதற்குக் கிடைக்கவில்லை. பிஸ்கட் என்பது மைதாவும் சர்க்கரையும்தான். எலும்பும் தசையும் நாளுக்கு நாள் நீளும் இந்த வயதில் புரதமும், சரியான அளவில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் வேண்டும். அவை குறைந்தால் பார்வைக்குக் குட்டி கொழுகொழுவென்று இருந்தாலும் நான்காம், ஐந்தாம் மாதத்தில் முன்னங்கால்கள் வளைந்து நிற்கும். இந்தக் கடலோரத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கால் வளைந்து என்னிடம் வந்த குட்டிகளில் பல, ஏழ்மையால் தீனி கிடைக்காதவை அல்ல; பிஸ்கட்டும் பாலும் வெறும் கறியும் தாராளமாகக் கிடைத்தவை.

அடுத்தது பழக்கம். 14 நாளில் ஐந்து வகைச் சாப்பாடு மாற்றியிருக்கிறீர்கள். நீங்கள் செய்தது பாசத்தினால்தான். ஆனால் குட்டி அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. கிண்ணத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் சற்று நேரத்தில் இதைவிட வாசனையான ஒன்று வரும், அதுவும் மடியில் உட்காரவைத்து வரும் என்பதை அது தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். நாய்க்குட்டிக்கு அதைவிடக் கூர்மையான மூக்கு. இதில் குட்டியின் மேல் குற்றம் எதுவும் இல்லை.

இருந்தாலும், பழக்கம்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன் அதன் உடம்பை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள். முதலில் வாய். தேவிபட்டினம் பக்கத்தில் ஒருவர், மூன்று நாளாகக் கிண்ணத்துக்கு ஓடி வந்து வாயை வைத்தவுடன் விலகிவிடுகிறது, திமிர் அதிகமாகிவிட்டது என்று சொல்லி ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். அது அவ்வப்போது முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால், மேலண்ணத்தில் இந்தப் பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் நடுவே குறுக்காக, பாலம் போட்டதுபோல் ஒரு மீன்முள் இறுகியிருந்தது. சுற்றிலும் அண்ணம் சிவந்து புண்ணாகியிருந்தது. இடுக்கியால் எடுத்துவிட்ட கால் மணி நேரத்தில் அந்தக் குட்டி என் மேசைக்குக் கீழேயே சாப்பிட்டது. ஆகவே உதட்டைத் தூக்கி ஈறு, நாக்கின் அடிப்பக்கம், மேலண்ணம் மூன்றையும் பாருங்கள். கெளுத்தி முள்ளும் தூண்டில் முள்ளும் கிடக்கும் கரையில் ஓடியாடும் குட்டிக்கு இது அவசியம்.

வாயைத் திறந்திருக்கும்போதே ஈறின் நிறத்தையும் கவனியுங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்துப் போய் வெள்ளைத் துணி நிறத்தில் இருந்தால் குடலில் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள மணலில் இந்தப் புழுவின் முட்டைகள் பொரித்து, இளம்புழுக்கள் தோல் வழியாகவே உள்ளே நுழைகின்றன. தாய்ப்பால் வழியாகவும் குட்டிக்கு வருகின்றன. தெருநாய்கள் மலம் கழிக்கும் மணலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலிலும் இவை ஏறும் என்பதால் இது வீட்டுக்கே ஆகவேண்டிய காரியம். இதுவரை பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து தருவது முறை. உங்கள் ஊர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எடை போட்டு, எடைக்குத் தக்க அளவில் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். வயிறு மட்டும் பானைபோல் உப்பி, முதுகெலும்பு தட்டுப்பட்டு, உரோமம் பளபளப்பில்லாமல் இருக்கும் குட்டிக்கு எந்த டானிக்கைக் கொடுத்தாலும் அது புழுவுக்குக் கொடுத்ததாகவே ஆகும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் முதலில் விடுவது தீனியைத்தான்.

இப்போது மீன் விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரையில் இருந்துகொண்டு குட்டிக்கு மீனே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. மீன் நல்ல புரதம், அதன் கொழுப்பு தோலுக்கும் உரோமத்துக்கும் நல்லது. ஆனால் வறுத்த மீனில் உப்பும் மிளகாய்த்தூளும் எண்ணெயும் இருக்கின்றன. மீன் குழம்பில் அவற்றோடு சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்கின்றன. இவை இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை, வதக்கினாலும் கொதிக்கவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. குழம்புச் சோறு தின்றுதானே நம் தெருநாய்கள் வளர்கின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப் பிறக்கும் குட்டிகளில் எத்தனை ஒரு வருடம் தாண்டுகின்றன என்பதையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். கருவாட்டில் உப்பு மிக அதிகம், அதை வாசனைக்காகக்கூடச் சேர்க்க வேண்டாம். பச்சை மீனும் வேண்டாம்: நெத்திலி, சூடை போன்ற சில மீன்களில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, வேகவைத்தால் அது செயலிழந்துவிடும்.

மீன் கொடுப்பதென்றால், உப்பும் மஞ்சளும் இல்லாமல் வெறும் தண்ணீரில் அவித்து, பாறை மீன் போன்ற சதைப்பற்றுள்ள வகையில் முள்ளைக் கையால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கொடுங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்; கீழே அதற்கு வேலை இருக்கிறது.

ஒரே ஒரு மீனைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலையில் விழும், உடம்பைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும் பேத்தை மீனை விற்க முடியாது என்று கரையிலேயே உதறிவிட்டுப் போகிறார்கள். அதன் ஈரலிலும் சினையிலும் குடலிலும் தோலிலும் இருக்கும் டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் போகாது. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தின்ற சிறிது நேரத்தில் வாந்தி, தள்ளாட்டம், கால்கள் தளர்ந்து செயலிழத்தல், பிறகு மூச்சுத் திணறல் என்று வரிசையாக வரும். மீன் வாசனைக்குப் பழகிய குட்டி, கரையில் காயும் எந்த மீனையும் கவ்வும் என்பதால், கயிறு இல்லாமல் அதைக் கரைக்கு விடவே கூடாது. தடுப்பூசிகள் முடியும்வரை கரைக்குக் கூட்டிப்போகாமல் இருப்பது இன்னும் நல்லது.

மீனை மட்டுமே நம்பிப் பழக்குவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நாட்டுப்படகு மீன் வந்தாலும் விலை ஏறிவிடும், பல வீடுகளில் தினமும் மீன் இருக்காது. மாசி, பங்குனியில் வீட்டுக்கு வந்து மீனோடு வளர்ந்த குட்டிகள் சித்திரை வந்ததும் தட்டைப் பார்த்து ஏங்கிப் பட்டினி கிடப்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? என் கருத்து இதுதான்: குட்டிப் பருவத்துக்கென்று செய்த முழுமையான உலர்தீனி முதன்மையாகவும், வீட்டுச் சாப்பாடு அதற்குத் துணையாகவும் இருக்கட்டும். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் நாம் எல்லாவற்றையும் பெடிகிரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரைவிட, பையின் மேல் அது வளரும் குட்டிகளுக்கான முழு உணவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேப்ரடார் கலப்பு என்பதால் பெரிய இனக் குட்டிகளுக்கானதாகக் கிடைத்தால் மிக நல்லது. நூறு கிராமில் 350 முதல் 400 கலோரி இருக்கும். ஆகவே உங்கள் குட்டிக்கு நாளொன்றுக்கு 180 முதல் 200 கிராம் போதும். இந்தத் தீனி கொடுக்கும்போது சுண்ணாம்புச் சத்து டானிக் எதுவும் சேர்க்கக் கூடாது. மிஞ்சும் சுண்ணாம்புச் சத்தை வேண்டாம் என்று தள்ளும் திறமை குட்டியின் குடலுக்கு இல்லை; குறைவைப் போலவே மிகுதியும் எலும்பைக் கெடுக்கும்.

நீங்கள் வாங்கி வைத்த தீனியைக் குட்டி முகர்ந்துவிட்டு விலகியதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நம் ஊர்க் கடல்காற்றில் திறந்த பை மூன்றே நாளில் நமுத்துப் போகும், அதிலுள்ள கொழுப்பு காறிப்போய் ஒரு சிக்கு வாடை வரும். கடையில் பெரிய மூட்டையைத் திறந்து வைத்து அள்ளி நிறுத்துக் கொடுத்தது என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு உருண்டையை எடுத்து விரலால் ஒடித்துப் பாருங்கள். சத்தம் வர வேண்டும். சத்தமில்லாமல் வளைந்தால் குட்டி செய்தது சரி, அதைப் போட்டுவிட்டு ஒரு கிலோ பையாக வாங்கி, மூடி இறுகும் எவர்சில்வர் தூக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலர்தீனி வாங்க இயலாத மாதங்களில் இந்தக் குட்டிக்கு ஒரு நாளைக்கு வீட்டில் செய்யும் அளவு இது: எலும்பில்லாமல் அவித்த கோழிக்கறி 200 கிராம், குழைந்த சோறு 180 கிராம், அவித்த முட்டை ஒன்று, கொஞ்சம் பூசணியோ காரட்டோ மசித்தது, ஒரு தேக்கரண்டி எண்ணெய். கறியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதால், கழுவிக் காயவைத்து வறுத்து மாவாக அரைத்த முட்டை ஓட்டுத் தூளை ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி அளவில் பிரித்துக் கலக்க வேண்டும். இதுவும் முழுமையானது அல்ல. துத்தநாகம், செம்பு, வைட்டமின் டி போன்றவை இதில் போதாது. அதனால் ஒரு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் கேட்டு அதற்கான சத்துத் தூளையும் சேருங்கள்.

இனிப் பழக்கும் முறை. குட்டிக்குப் பிடித்ததைத் திடீரென்று நிறுத்தினால் அடம்தான் மிஞ்சும். அது விரும்பும் மீன் வாசனையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மேலே சொன்ன, மீன் அவித்த தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தீனியின் மேல் அது ஊறும் அளவுக்கு ஊற்றி, பத்து நிமிடம் கழித்து, முள் நீக்கிய மீனை ஒரு பிடி பிசைந்து வையுங்கள். சூடு உங்கள் புறங்கைக்கு இதமாகப் பட வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். வெதுவெதுப்பில் வாசனை எழும், மூக்கு இழுத்துவரும். முதல் மூன்று நாள் மீன் தாராளமாக இருக்கட்டும். நான்காம் நாளிலிருந்து மீனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஏழாம் நாள் வாக்கில் மீன் தண்ணீர் மட்டும், பத்தாம் நாள் வெறும் வெந்நீர் என்று கொண்டுவந்துவிடலாம். பிஸ்கட்டை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். பாலையும் நிறுத்துங்கள், பால் மறந்த குட்டிகளில் பலவற்றுக்கு அது செரிக்காமல் கழிச்சலாகும். வேண்டுமானால் கெட்டித் தயிர் ஒரு கரண்டி தரலாம்.

மூன்று மாதம் முடியும்வரை நாளைக்கு நான்கு வேளை. நம் ஊர் வெயிலில் உச்சிப்பொழுதுக்கு எந்தக் குட்டிக்கும் சாப்பாடு இறங்காது, அதை அடம் என்று எண்ணிவிடக் கூடாது. காலை 6 மணி, 10 மணி, மாலை 4.30, இரவு 8.30 என்று வைத்துக்கொண்டால் சூடு குறைந்த நேரங்களாக அமையும். கிண்ணத்தை ஒரே இடத்தில், காக்கை வராத, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். வழுக்கிச் சத்தம் போடாதபடி அடியில் ஒரு சாக்கு போடுங்கள். 15 நிமிடம். அதற்குள் தின்றது தின்றதுதான். மீதியை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டு அடுத்த வேளைவரை எதுவும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று கெஞ்சுவதும் அதட்டுவதும் இரண்டுமே அதற்கு வேடிக்கைதான்.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், ஆனால் கிணற்று உவர்நீர் வேண்டாம். நீங்கள் குடிக்கும் காவிரித் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ அதற்கும் வையுங்கள்.

அப்பத்தாவிடம் ஊட்டாதீர்கள் என்று சொன்னால் மனம் வருந்துவார். அதற்குப் பதிலாக, நான்கு வேளையும் கிண்ணத்தை வைத்து எடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். சாப்பாடு அவர் கையால் வருகிறது என்பது குட்டிக்குத் தெரியும், மடியில் உட்காரும் நேரத்தைச் சாப்பாடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சாப்பிடும்போது குட்டி வேறு அறையில் இருக்கட்டும். வீட்டில் ஒருவர் மட்டும் மறைவாக ஒரு துண்டு மீன் கொடுத்தாலும், பத்து நாள் பாடு வீணாகிவிடும்.

இந்த வயதில் பட்டினி போட்டுப் பழக்குவது கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பகலில் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒதுக்கினால் பயப்பட வேண்டாம். 12 மணி நேரம் எதுவுமே உள்ளே போகவில்லை என்றால், அல்லது குட்டி தள்ளாடினால், நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். குளுக்கோஸ் தூளைக் குழைத்தோ தேனையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். வாந்தி, கெட்ட நாற்றத்துடன் தண்ணீராகவோ ரத்தமாகவோ கழிச்சல், மீனைக் கண்டும் எழாத சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் அது பார்வோ என்னும் வைரஸ் குடல்நோயாக இருக்கலாம். அதற்கு ஒரு இரவு காத்திருப்பதும் ஆபத்து. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறாம் வாரம்வரை போட வேண்டும். உங்கள் குட்டிக்கு முதல் ஊசியே இனிமேல்தான் என்றால், பூச்சி மருந்துக்குப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடுங்கள்.

குட்டி தேறுகிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு விலா தெரிவதே இயல்பு. லேப்ரடார் கலப்புக்கு விலா கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலால் மெதுவாகத் தடவினால் தட்டுப்பட வேண்டும். எல்லாவற்றையும்விட நம்பகமானது எடை. மீன் நிறுக்கும் தொங்கு தராசு உங்கள் ஊரில் எந்தக் கரையிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், தீனி வைப்பதற்கு முன், குட்டியைத் துணிப்பையில் உட்காரவைத்துத் தலை வெளியே தெரியத் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் அந்த எண் கூடிக்கொண்டே வர வேண்டும். பழக்கும் இந்தப் பத்து நாளில் கொஞ்சம் மெதுவாகக் கூடினால் பரவாயில்லை. ஒரு வாரம் அப்படியே நின்றாலோ குறைந்தாலோ, கிண்ணம் காலியாகிறது என்று சமாதானம் ஆகாமல், அன்றைய மலத்தைச் சிறிது ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு குட்டியோடு மருந்தகத்துக்குப் போங்கள்.